நிழலைக் குறைக்க மாட்டேன்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆஸ்பத்திரி முகவரிக்கு என் கடிதம் வந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். இங்கே எல்லோரும் நலம். வீட்டுக்கு எழுதினால் மகள் கையில் கிடைக்கும். போனில் பேசலாமென்றால் என் காதைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நான் கத்துவது முதலில் உங்கள் அத்தைக்குக் கேட்கும். அத்தைக்குக் கேட்டது மகளுக்குப் போய்ச் சேரப் பத்து நிமிஷமே அதிகம்.

போன மாதம் செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி. ஐந்து பேர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருக்கிறார்களாம். படத்தில் வலது ஓரமாக, பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்பது என் மகள். நீங்கள் யாரும் சொல்லவில்லை. சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளவும் இல்லை.

அந்த விளையாட்டை வாங்கிவிட்டேன். ஜெராக்ஸ் கடைப் பெண்தான் வாங்கித் தந்தாள். மகள் காலேஜ் படிக்கும்போது நான் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் இன்னும் அவள் அறையில் இருக்கிறது, ஒன்பது வயது. அதில் இறக்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் திறந்தால், 'உங்கள் கணினி இந்த விளையாட்டுக்குத் தகுதியற்றது' என்று ஒரு கட்டம் வருகிறது. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். என்னையோ என் கையில் இருந்த ஒரு சாமானையோ பார்த்து எவனும் அப்படிச் சொன்னதில்லை.

நீங்கள் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஓட வைப்பவர். இதை ஓட வைக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். என் ஒரு மாத பென்ஷனில் பாதி ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் கிடையாது. உங்களிடமிருந்து வாங்கவும் மாட்டேன். இது என் வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
மாமா

மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பக்கத்து மேஜை நர்ஸ், "என்ன சார், லவ் லெட்டரா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

முதலில் ஒரு சுலபமான வழி. இந்த விளையாட்டை மற்றவர்கள் ஆடும் வீடியோக்கள் இன்டர்நெட்டில் இருக்கின்றன. செலவில்லாமல் பார்த்துவிடலாம். பார்க்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் ஒதுக்கியிருக்கும் பணத்தில் புது கம்ப்யூட்டரின் பெட்டிகூட வராது. ஆனால் பழையதையே தேற்றிவிடலாம். ஐந்து வேலை இருக்கிறது. ராம், அதாவது அது ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளும் இடம். உங்களிடம் நாலு ஜி.பி. இருக்கிறது, குறைந்தது பன்னிரண்டு வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. என்ற சின்ன அட்டை. அதே போர்டில் உட்காரும் கொஞ்சம் கெட்டிக்கார ப்ராசசர், பழையதே கிடைக்கும். படத்தை வரைவதற்கென்றே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு. அது தின்னும் கரண்டைக் கொடுக்க ஒரு நல்ல பவர் சப்ளை.

முதல் இரண்டையும் முதலில் செய்யுங்கள். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் போய் இதைச் சொல்கிறேனே என்று கை கூசுகிறது.

அவள் செய்தது அந்த விளையாட்டின் வெளிச்சம் முழுவதும். மின்சாரம் போன நாற்பது மாடிக் கட்டடம், ஒரு பெண் டார்ச்சோடு தம்பியைத் தேடி மாடி மாடியாக ஏறுகிறாள். இருட்டு எங்கே முடிய வேண்டும், நிழல் எந்தப் பக்கம் சாய வேண்டும், எல்லாம் அவள் கை வேலை. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இரண்டும் முடிந்தன. முன்பெல்லாம் ஸ்விட்சைப் போட்டுவிட்டு நான் ஷேவ் செய்து முடித்து வந்தாலும் விழித்திருக்காது. இப்போது கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் தயாராக நிற்கிறது. அத்தை சந்தேகமாகப் பார்த்தாள்.

"அதை எதுக்கு இப்படிக் குடைஞ்சுக்கிட்டு இருக்கீங்க?"

"கரண்ட் பில் கட்டணும்."

"கரண்ட் பில் கட்டுறதுக்கா கழட்டிப் போட்டிருக்கீங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மூன்று நாளாக அந்த அறைப் பக்கம் வந்து வந்து போகிறாள்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சந்து ஒன்று இருக்கிறது. கடைசிக் கடையை ஒரு அம்மா நடத்துகிறார். பத்துப் பன்னிரண்டு கிராபிக்ஸ் கார்டு அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் மூடிப்போன கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை ஒன்றிலிருந்து வந்தவை. "எல்லாமே நல்லா ஓடும் சார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்றார். கண்ணை மூடி நான் எதையும் எடுத்ததில்லை. ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டச் சொன்னேன். காது மந்தம்தான், ஆனால் மோட்டாரின் பேரிங்கைக் கேட்க எனக்குக் காது தேவைப்பட்டதில்லை. ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஃபேன் சட்டத்தில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் போதும். நாலு கார்டில் மணல் அரைத்தது. ஐந்தாவது நெய்யாக ஓடியது.

அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு பெட்டி ஃபேன்களைக் கொண்டுவந்து, "இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லிடுங்க சார்" என்றார். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஐந்தாவது கார்டை எடுத்து வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அதன் மேல் எழுதியிருந்த எண்ணைக் கீழே குறித்திருக்கிறேன். சரிப்படுமா என்று பார்த்து எழுதுங்கள்.

வெளிச்சம் என்கிறீர்களே, அதற்கென்று தனியாக ஒரு ஆள் வேண்டுமா? அவள் அதைப் படிக்கவே இல்லையே. எங்கே கற்றாள்?

மாமா

மார்ச் 28

அன்புள்ள மாமாவுக்கு,

கையும் களவுமாகப் பிடிபட்டேன். முழுக்க இல்லை, முக்கால்வாசி.

உங்கள் கார்டின் எண்ணையும், வாங்க வேண்டிய மற்றதையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். துணி துவைக்கப் போடும்போது உங்கள் மகள் எடுத்துவிட்டாள். அவளிடம் போய் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பொய் சொல்ல முடியுமா?

"எனக்குத் தெரியாம கேம் ஆடக் கம்ப்யூட்டர் வாங்குறீங்களா?"

"எனக்கில்ல. தெரிஞ்சவர் ஒருத்தர். வயசானவர். ரிடையர் ஆனவர்."

"வயசானவரா? இந்தக் கார்டா?" ஒரு நிமிஷம் தாளையே பார்த்தாள். பிறகு மேஜையில் உட்கார்ந்து பச்சைப் பேனாவை எடுத்தாள். "யாரு இந்த லிஸ்ட்டைப் போட்டது? பாவம், அந்த மனுஷன் காசைப் போட்டுப் புகையைத்தான் பார்ப்பார்."

அவள் திருத்திய தாளை அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன். நான் எழுதிய பவர் சப்ளை போதாதாம். பெரியது எழுதியிருக்கிறாள். கார்டு நீளம், பெட்டியை அளக்கச் சொல்லுங்கள் என்றிருக்கிறாள். பத்து வருஷ அனுபவம் எனக்கு, மூக்கு உடைபட்டதுதான் மிச்சம்.

எங்கே கற்றாள் என்று கேட்டீர்கள். அரசாங்க வரைபட அலுவலக வேலையை விட்ட பிறகு முதல் ஒரு வருஷம் தினமும் அதிகாலையில் மொட்டை மாடிக்குப் போவாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலைச் சுண்ணக்கட்டியால் கோடு போடுவாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு கோடு. வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு எங்களை அழிக்க வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் துடைப்பத்தோடு அழித்தோம். மறுநாள் மறுபடியும் போட்டாள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

ஏப்ரல் 6

மாப்பிள்ளைக்கு,

தாள் கிடைத்தது. அவளுடைய 'ழ' இன்னும் அப்படியே வாலை நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே கடைசி வரியில், 'அப்படியும் திக்கினால் நிழலைக் குறைக்கச் சொல்லுங்கள், ஓடிவிடும்' என்று எழுதியிருக்கிறாள். நாலு வருஷமாக எனக்கு அவளிடமிருந்து வருவது, "அப்பா சாப்பிட்டாரா?" என்று அத்தை வழியாக ஒரு கேள்வி. இப்போது ஒரு பக்கம் முழுக்க, யாரென்றே தெரியாத ஒரு கிழவனுக்காக, இவ்வளவு அக்கறையாக.

அதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டுதான் ப்ராசசரை மாற்றப் போனேன். பழையதை எடுத்தேன். புதியதை வைக்கும்போது கை நழுவியது. என் கை நழுவி நான் பார்த்ததில்லை. ஒரு மூலை கீழே குத்தி, போர்டில் இருக்கும் நூற்றுக்கணக்கான பொடிக் கம்பிகளில் மூன்று மடிந்துவிட்டன. தலைமுடியைவிடச் சற்றுத்தான் தடிமன். ஸ்விட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு.

போர்டு போனால் எல்லாம் போயிற்று. ஒதுக்கியதில் இன்னொரு போர்டுக்கு இடமில்லை. அவள் சாமானைக் கெடுத்துவிட்டேன். வேறு எழுதத் தோன்றவில்லை.

மாமா

ஏப்ரல் 12

அன்புள்ள மாமாவுக்கு,

மனதை விட்டுவிடாதீர்கள். ஆனால் பொய்யும் சொல்ல மாட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி ஆனால் போர்டைத் தூக்கிப் போட்டுவிடுவோம். நிமிர்த்துகிறேன் என்று தொட்டால் கம்பி முறிந்துவிடும். முறிந்தால் முடிந்தது. தெரிந்த ஒருவரிடம் பழைய போர்டு இருக்கிறது, சும்மாவே தருவார். வாங்கி அனுப்பட்டுமா? உங்கள் வீம்பு எனக்குத் தெரியும், கேட்க வேண்டியது என் கடமை.

இன்னொன்று. கோபப்படாமல் படியுங்கள். நாலு வருஷமாக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நான் தந்திக் கம்பம் மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு நாளும் அவள், "அந்தப் பெரியவர் கம்ப்யூட்டர் ஓடுச்சா?" என்று கேட்கிறாள். நேற்று, "அவருக்கு வேறு யாரும் இல்லையா, பசங்க?" என்று கேட்டாள். ஒரு போன் போட்டால் முடிகிற விஷயம் மாமா. காது கேட்காவிட்டால் என்ன, நீங்கள் பேசினால் போதும். அவள் அவ்வளவு நல்லவள். உங்களைப் போலவே அழுத்தக்காரி என்பதைத் தவிர வேறு குறை சொல்ல எனக்குத் தெரியாது.

அன்புடன்,
மாப்பிள்ளை

ஏப்ரல் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போர்டு வேண்டாம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டேன். காலைப் பத்து மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக மேஜையில் விழும். கண்ணில் வாட்ச் ரிப்பேர் லென்ஸ், கையில் தையல் ஊசி. முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றி, மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சு இழுப்பதற்குள் ஒரு தள்ளு. அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. மறுநாள் இன்னொரு தள்ளு. மூன்று கம்பிக்கு ஒன்பது காலை ஆயிற்று. ஐந்தாம் நாள் அத்தை பக்கத்தில் வந்து ஒன்றும் கேட்காமல் திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் சொல்லிவிட்டேன். ஆச்சரியம், இன்றுவரை மகளிடம் சொல்லவில்லை. உங்கள் அத்தையைப் பற்றி இத்தனை வருஷம் நான் தப்பாக நினைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் ஸ்விட்சைப் போட்டேன். திரை வெளிச்சமானது. அத்தை கை தட்டினாள்.

கார்டு மகள் சொன்னபடியே இரண்டு விரல் நீளம் அதிகம். ஹார்டு டிஸ்க் வைக்கும் கூண்டின் ரிவிட்டுகளைத் துளைத்து எடுத்து, பாதியை அறுத்து, ஓரத்தை அரம் போட்டுச் சுத்தம் செய்தேன். போர்டை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான். இரும்புத்தூள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அவள் எழுதிய பவர் சப்ளையைப் போட்டேன். ஒதுக்கிய பணத்தில் ஒரு பஸ் டிக்கெட்டுக்கு மிச்சம்.

இனி விளையாட்டு. முதல் நாள் ஓடியது, ஆனால் திக்கித் திக்கி. அவள் கடைசி வரியில் எழுதியிருந்தபடி நிழலைக் குறைக்கும் இடத்துக்குப் போனேன். விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை, அவள் வேலையே நிழல் என்றீர்களே. அதைக் குறைத்துவிட்டு நான் எதைப் பார்ப்பது? படத்தின் அளவைச் சின்னதாக்கினேன். தூரத்துச் சாமான்களைக் குறைத்தேன், தண்ணீரின் பளபளப்பைக் குறைத்தேன். நிழலை மட்டும் உச்சத்திலேயே வைத்துக்கொண்டேன். நொடிக்கு முப்பது படம் வருகிறது. எனக்குப் போதும்.

என்ன சொல்ல. பத்தொன்பதாவது மாடிப் படிக்கட்டில் அந்தப் பெண் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு ஷூ கயிறு கட்டுகிறாள். டார்ச் உருள்கிறது. கைப்பிடிக் கம்பிகளின் நிழல் சுவர் முழுக்க விசிறி மாதிரி விரிந்து சுற்றுகிறது. இருட்டுக் கட்டடங்களில் டார்ச்சைத் தரையில் வைத்து வேலை செய்தவன் நான். அப்படித்தான் இருக்கும். அதை எவ்வளவோ தடவை பார்த்திருக்கிறேன், அழகு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

இருபத்தாறாவது மாடியில், அவசர ஜெனரேட்டரில் ஓடும் லிஃப்டில் ஏறுகிறாள். பாதி மாடி ஏறியதும் கயிறு அறுகிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சினிமாக்காரனெல்லாம் லிஃப்டை விழ வைப்பான். லிஃப்ட் விழாது. வேகம் கூடினால் பெட்டிக்கு அடியில் இருக்கும் இரும்புப் பிடிகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். என் மகளும் இப்படிச் செய்துவிட்டாளே என்று நினைத்து முடிக்கவில்லை, 'டக்' என்று நின்றது. ஒரு அடிகூட இறங்கவில்லை. விளக்கு ஆடுகிறது, தூசி உதிர்கிறது, அந்தப் பெண் உயிரோடு நிற்கிறாள். எழுந்து அறையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

அரசாங்க வேலையை விட்டுவிட்டதாக அவள் சொன்ன அன்று, சாப்பாட்டு மேஜையில், "பொம்மை செஞ்சு பொழைக்கப் போறியா?" என்று கேட்டேன். தப்பு என்னுடையது. அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போன் போடுங்கள் என்கிறீர்கள். போனை எடுக்கிறேன், வைக்கிறேன்.

விளையாட்டில் ஒரே ஒரு பிழை இருக்கிறது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நிற்கும்போது மேல் மாடியின் கதவு தானாகத் திறக்கிறது. திறக்காது. பெட்டி அந்த மாடிக்கு வந்தால்தான் அதன் பூட்டு விடும். அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
மாமா

ஏப்ரல் 29

அன்புள்ள மாமாவுக்கு,

மன்னிப்புக் கேட்டுத் தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். ஒன்பது காலை உட்கார்ந்து மூன்று கம்பியை நிமிர்த்திய ஒரு மனிதரைப் பற்றி அவளிடம் சொல்லாமல் வீட்டில் நடமாட என்னால் முடியவில்லை.

நின்றுகொண்டே படித்தாள். பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முடித்ததும் முதல் பக்கத்துக்குப் போய் மறுபடியும் படித்தாள். முதலில் கேட்டது இதுதான்:

"நிழலைக் குறைக்கலையா?"

"இல்லை."

"எல்லாரும் முதல்ல அதைத்தாங்க குறைப்பாங்க. நானே எல்லாருக்கும் அதைத்தான் சொல்றேன்." பிறகு அழுதாள். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன், மறைப்பானேன்.

லிஃப்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று. கூட இருக்கும் நாலு பேரும் லிஃப்ட் விழ வேண்டும், அப்போதுதான் பயம் வரும் என்றார்கள். இவள் ஒருத்தி மூன்று வாரம் மல்லுக்கு நின்றாள். ராஜினாமாக் கடிதம் வரை போயிற்று. கடைசியில் ஒருவர், "விழாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். "எங்கப்பா மாட்டின லிஃப்ட்ல ஏறித்தான் நான் வளர்ந்தேன்" என்றாளாம். அதோடு லிஃப்டை விழ வைப்பதைக் கைவிட்டார்கள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை மாமா. அந்த நாலு பேரில் ஒருவர் சொன்னார். அவர்கள் அவளைப் பற்றிப் பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவளே போன் செய்வாள். வெயில் மேஜைக்கு வருகிற நேரம் என்று அவளுக்கு நினைவிருக்கிறது. எடுத்தால் வைத்துவிடாதீர்கள். கதவுப் பிழையைப் பற்றி அவளுக்கு வேறு கருத்து இருக்கிறது, எச்சரித்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மே 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதத்தைக் கொடுத்ததற்கு உங்கள் மேல் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தேன், வரவில்லை.

பத்து மணிக்குப் போன் மணி அடித்தது. "சாப்பிட்டீங்களா?" என்றாள். "சாப்பிட்டேன்" என்றேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நாலு வருஷமாக மனதில் ஒத்திகை பார்த்தது நாலே வார்த்தையில் முடிந்துவிட்டது. அவள், "சரிப்பா" என்றாள். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேருமே அதை நீட்டவில்லை.

உடனே கதவுக்கு வந்தாள்.

"அந்தக் கதவு திறக்கலேன்னா ஆடுறவங்க எப்படிப்பா வெளியே வருவாங்க?"

"வெளியேயிருந்து ஒரு ஆள் சாவி போட்டுத் திறக்கணும்."

"கட்டடத்துல வேற ஆளே இல்லைப்பா! அதுதானே கதை!"

"அப்ப கதையை மாத்து. பூட்டை மாத்தாதே. லிஃப்ட் பெட்டியோட மேல் கூரை வழியா ஏறி, பூட்டோட உருளையைக் கையால தள்ளலாம். உள்பக்கத்துலேர்ந்து தள்ளினா விடும்."

"கூரை மேலயா? அங்க வெளிச்சமே இல்லையே. மறுபடி முழுசா வெளிச்சம் போடணும். ரெண்டு மாசம் ஆகும்!"

"ஆகட்டும்!"

"ஆகட்டும்னு சுலபமா சொல்லிட்டீங்க. நீங்களா வேலை செய்யப் போறீங்க?"

"நான் செய்யாத வேலையா?"

அவள் கத்தினாள், நான் கத்தினேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அந்த உருளை எந்தப் பக்கம் சுற்றும், அதன் மேல் கிரீஸ் எப்படி மினுங்கும், கூரைமேல் நின்றால் மேலே கயிறுகள் எங்கே போய் மறையும் என்று அவள் கேட்கக் கேட்க, நான் செய்தித்தாள் ஓரத்திலெல்லாம் படம் போட்டுக்கொண்டே பேசினேன். மினுங்குவதைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் கேட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை.

சத்தம் கேட்டு அத்தை அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் பயம்.

"மறுபடியும் சண்டையா?" என்றாள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஆமா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"போடுங்க, நல்லா போடுங்க" என்றாள்.

அன்புடன்,
மாமா